சி மொழி வரைகலை நிரலகத்திற்குப் பிணைப்பு அமைத்தல்: எல்லைத் தமிழ் வகுப்பறையை முன்வைத்து ஒரு மொழிபெயர்ப்பியல் நோக்கு

கேரள மாநிலத்தில் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஆகிய ஊர்ப்பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீருமேடு வட்டங்களின் தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய பகுதிகளிலும் தமிழ் வழியில் பயிலும் மாணவர் உளர். 1956இல் கேரளம் உருவானபோது அம்மாநிலத்தின் பகுதிகளாக அமைந்தவை இவை. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தத்தம் மொழியில் அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்த வகை செய்தது. பள்ளிப் பாடநூல்களும் தமிழில் அச்சிடப்படுகின்றன. தகவல் தொழில்நுட்பப் பாடமும் அவற்றுள் அடங்கும். 2001இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டமும், 2017இல் அதன் வழித்தோன்றலாக அமைந்த 'கைட்' நிறுவனமும் பள்ளிக் கணினிகளில் லினக்ஸ் இயங்குதளத்தை நிலைபெறச் செய்தன. பைத்தான் என்னும் நிரல்மொழியும், அதில் 'டர்ட்டில்' எனப்படும் ஆமை வரைகலையும் உயர்நிலை வகுப்புப் பாடங்களில் இடம்பெற்றன.

ஆமை வரைகலை எளிய ஏற்பாடு. திரையில் ஓர் ஆமை இருப்பதாகக் கொண்டு, அதனை 100 அலகு முன்செல்லவும் 90 பாகை வலப்புறம் திரும்பவும் நான்கு முறை பணித்தால், அது நடந்த தடம் சதுரமாக அமையும். 1967இல் உருவான லோகோ மொழியின் மரபில் வந்த கல்விமுறை இது. மாணவி எழுதுவது இரண்டே ஆணைகள். ஆயினும் அவ்வாணை திரையைச் சென்றடையும் வழி நீண்டது. பைத்தானின் ஆமைத் தொகுதி, 'டிகேஇன்டர்' என்னும் தொகுதியிடம் ஆணையை ஒப்படைக்கின்றது. அது டிக்கிள் என்னும் வேறொரு மொழிக்கு அதனை மாற்றித் தருகின்றது. டிக்கிள், ஜான் ஔஸ்டர்ஹவுட் உருவாக்கிய டிகே என்னும் சி மொழி நிரலகத்தை இயக்குகின்றது. கோட்டை வரைவது அந்நிரலகமே. உருசிய, பிரெஞ்சுப் புதினங்கள் பல ஆங்கிலத்தின் வாயிலாகத் தமிழுக்கு வந்தமை மொழிபெயர்ப்பாளர் அறிந்தது. இங்கும் நிகழ்வது இடைமொழி வழிப் பெயர்ப்பே.

ஒரு மொழியில் எழுதப்பட்ட நிரலகத்தைப் பிறிதொரு மொழியிலிருந்து அழைக்க உதவும் இடைநிலை அமைப்பினை மொழிப் பிணைப்பு என்பர். நிரலகம் என்றது லைப்ரரி என வழங்கும் செயற்கூறுகளின் தொகுப்பினை. பிணைப்பு அமைப்பவர் புதிதாக எதனையும் வரைவதில்லை. ஒரு மொழியில் கூறப்பட்டதைப் பிறிதொரு மொழியினர் தம் மரபிற்கேற்பக் கூற வழிசெய்கின்றார். ஆகவே இப்பணி பொறியியலைச் சார்ந்தது போலவே மொழிபெயர்ப்பியலையும் சார்ந்தது என்பது இக்கட்டுரையின் கருத்து. இது வெறும் உவமையன்று. மூலமொழி வெளிப்படையாகக் கூறாது விடுவதைப் பெறுமொழி கட்டாயமாகக் கூற வேண்டிய இடங்கள் பிணைப்பிலும் உள. பிழை நேர்வது பெரும்பாலும் அவ்விடங்களில்தான்.

1. கெய்ரோவின் வழிகாட்டி

டிகே நிரலகத்தைக் காட்டிலும் கெய்ரோ என்னும் நிரலகம் இவ்வாய்விற்கு ஏற்றது. கீத் பேக்கார்டு, கார்ல் வொர்த் ஆகியோரின் முயற்சியில் தோன்றி, 2005இல் 1.0 பதிப்பாக வெளிவந்த இது சி மொழியில் அமைந்தது. கோடு, வளைவு, வண்ணம், எழுத்து ஆகியவற்றைத் திரையிலும் அச்சுக்கோப்பிலும் ஒரே முறையில் வரைவது. பைத்தான், ரூபி, பெர்ல், சி பிளஸ் பிளஸ் முதலிய பல மொழிகளில் இதற்குப் பிணைப்புகள் உள்ளன. அவை ஒன்றற்கொன்று முரணாகிவிடலாகாது என்று கருதி, பிணைப்பு அமைப்போர்க்கென ஒரு வழிகாட்டியை இதன் ஆவணத்தோடு பின்னிணைப்பாகச் சேர்த்துள்ளனர். நிரலாளர்க்காக எழுதப்பெற்ற அதனை மொழிபெயர்ப்பு நெறிமுறை ஏடாகவே படிக்கலாம்.

அவ்வழிகாட்டி முதற்கண் பெயரைப் பற்றிப் பேசுகின்றது. கெய்ரோவில் வரைவதற்குரிய அடிப்படைப் பொருள் 'வரைசூழல்'. வண்ணம், கோட்டின் தடிமன், எழுதுகோல் நிற்கும் இடம் ஆகிய அனைத்தும் இதன்கண் அடங்கும். சி மொழியில் இதன் பெயரில் 'சூழல்' என்னும் சொல்லே இல்லை. 'கெய்ரோ' என்பதோடு வகையைக் குறிக்கும் 'டி' என்னும் ஓர் எழுத்து மட்டும் ஒட்டி நிற்கும். அடிக்கடி எழுத வேண்டிய பெயராதலின் சுருக்கினர். தமிழிலக்கண மரபில் கூறின் இஃது ஒரு தொகை. 'பால்குடம்' என்பதைப் பிறமொழியில் தருவோர் 'பாலையுடைய குடம்' என விரித்த பின்னரே பெயர்க்க இயலும். உருபும் பயனும் மறைந்து நிற்பது தமிழர்க்கு இயல்பு, பிறர்க்கன்று. அவ்வாறே பொருள்நோக்கு மொழிகளில் இப்பெயரை விரித்துச் 'சூழல்' என்றே வழங்க வேண்டும் என்கிறது வழிகாட்டி. விரிக்காது எழுதின் 'கெய்ரோவின் கெய்ரோ' என்னும் நகைப்பிற்குரிய வடிவம் தோன்றும். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது நேர்மையாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

விடை தரும் முறையிலும் இரு மொழிகளும் வேறுபடும். எழுதுகோல் தற்போது நிற்கும் இடத்தைக் கேட்டால் கிடை அளவு, நெடு அளவு என இரு எண்கள் விடையாக வருதல் வேண்டும். சி மொழியில் ஒரு செயற்கூறு ஒரு விடையையே திருப்பித் தரும். ஆதலின் கேட்பவர் இரண்டு ஏனங்களை நீட்டி, 'இவற்றில் இட்டுவிடு' என்று அவற்றின் முகவரிகளைத் தருகின்றார். பைத்தானில் இணையெண்களாகவே விடையைப் பெறலாம். எனவே நல்ல பிணைப்பில் அவ்வேனங்கள் மறைந்துவிடும். மூலத்தில் உள்ள ஒன்று பெயர்ப்பில் சுழியாக நிற்பது குறையன்று.

2. உடைமையும் பிழையும்

ரோமன் யாக்கப்சன் 1959இல் எழுதிய மொழிபெயர்ப்புக் கட்டுரையில் வலியுறுத்திய செய்தி, மொழிகள் எதைக் கூற இயலும் என்பதிலன்றி எதைக் கட்டாயம் கூறியாக வேண்டும் என்பதிலேயே வேறுபடுகின்றன என்பது. சி மொழியில் எழுதுவோர் கட்டாயம் எண்ணியாக வேண்டியது நினைவகத்தின் உடைமை. ஒரு பொருளை ஆக்கியவர் யார், வைத்திருப்பவர் யார், விடுவிக்க வேண்டியவர் யார் என்பன அம்மொழியில் எழுதுவோரின் பொறுப்பு. பைத்தானில் அப்பொறுப்பு மொழியின் உள்ளமைப்பிற்குரியது; எழுதுவோர் அதைக் கூறவும் வேண்டுவதில்லை.

கெய்ரோவில் 'அழி' என்னும் பொருள்படும் செயற்கூறு ஒன்று உண்டு. அது பெயரளவிலேயே அழிப்பு. ஒரு பொருளைப் பற்றி நிற்போர் எத்தனை பேர் என்னும் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைப்பதே அதன் செயல்; எண்ணிக்கை சுழியானால் மட்டுமே பொருள் நீங்கும். பெயரை நம்பிப் பெயர்ப்பவர் ஏமாறுவர். பைத்தான் பிணைப்பில் வரைசூழலுக்கு இச்செயற்கூறு வெளியே காணப்படுவதே இல்லை. பைத்தான் தன் பொருளை நீக்கும்போது பிணைப்பே அதனை உள்ளூர அழைத்துக்கொள்ளும்.

இதனினும் நுட்பமானது, பிறர் தந்த நினைவகத்தின் மேல் படம் வரையும் வசதி. அழைப்பவர் தமக்குரிய நினைவகத்தைத் தர, கெய்ரோ அதன்மீது வரைகின்றது. ஆனால் அதற்கு உடைமையாளராவதில்லை. படம் உள்ளவரையில் அந்நினைவகமும் இருத்தல் வேண்டும் என்பது சி நிரலாளர் ஆவணத்தைப் படித்து அறிந்து காக்க வேண்டிய நியதி. பைத்தான் நிரலாளரோ நினைவகத்திற்குரிய மாறியை ஐந்து வரிகளுக்குப் பின் மறந்துவிடலாம். மறப்பதற்கு அவர் மொழி இடந்தருகின்றது. பிணைப்பு அந்நினைவகத்தைத் தானும் பற்றி நிற்கவில்லையெனில் நிரல் திடீரென நின்றுபோகும், அல்லது படத்தில் குப்பை தோன்றும். பைத்தானாரின் நெறியில் அவர் எத்தவறும் இழைத்தவரல்லர்.

அண்மைக் காலத்தில் சி நிரலின் விளக்கவுரையிலேயே, 'இதன் உடைமை முழுதும் கைமாறும்', 'உடைமை கைமாறாது', 'இது விடைக்குரிய ஏனம்', 'இது வெறுமையாக இருக்கலாம்' என்னும் குறிப்புகளை எழுதி, அவற்றைக் கொண்டு பிணைப்பினை இயந்திரமே ஆக்கிக்கொள்ளும் முறை பெருகியுள்ளது. ஜிஆப்ஜெக்ட் இன்ட்ராஸ்பெக்ஷன் என்பது அதன் பெயர். கள ஆய்வு மொழியியலார்க்கு இது புதிதன்று. பனுவல் வரியின் கீழ் உருபன் தோறும் இலக்கணக் குறிப்பு எழுதுவது போன்றதே இது. கெய்ரோ அம்மரபில் எழுதப்பெறாமையால் அதன் பைத்தான் பிணைப்பு இன்றும் கையால் எழுதப்படுவது.

பிழையைப் பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். கெய்ரோவில் ஒரு பிழை நேர்ந்தால் வரைசூழல் அதனைத் தன்னுள் குறித்துக்கொண்டு, அதன்பின் வரும் ஆணைகளை ஏற்பது போல் ஏற்று ஒன்றும் செய்யாதிருக்கும். சி நிரலாளர் இறுதியில் ஒருமுறை நிலையைக் கேட்டறிந்தால் போதும். பைத்தானில் பிழை உடனே விதிவிலக்காக எழுதல் மரபு. ஆகவே ஒவ்வோர் ஆணைக்குப் பின்னும் பிணைப்பே நிலையைக் கேட்டு, பிழையிருப்பின் உரத்துக் கூறுதல் வேண்டும். 'அவன் வந்தானாம்' என்பதில் உள்ள 'ஆம்' என்னும் இடைச்சொல் ஆங்கிலப் பெயர்ப்பில் உதிர்ந்துவிடின் கேள்விச் செய்தி கண்ட செய்தியாகிவிடும். கெய்ரோவின் மௌனத்தை மௌனமாகவே கடத்தும் பிணைப்பும் அத்தகையதே.

3. எழுத்து

மேற்கூறியன எம்மொழியினர்க்கும் பொதுவானவை. தமிழ் மாணவரை நேரடியாகத் தாக்குவது எழுத்தைப் பற்றியது.

'பாலக்காடு' என்னும் சொல்லில் எழுத்துகள் எத்தனை? பா, ல, க், கா, டு என ஐந்து என்பார் தமிழாசிரியர். யூனிகோடு முறையில் உயிர்மெய்க்குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியெண் பெறுவதால் அச்சொல் 9 குறியெண்களால் ஆனது. பைத்தான் தரும் விடையும் 9. யுடிஎஃப் 8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட்டுகளாகச் சேமிக்கப்படுவதால் சி நிரலகம் காண்பது 27. ஐந்து, ஒன்பது, இருபத்தேழு ஆகிய மூன்றும் அவ்வவற்றின் நெறியில் சரியானவையே. இந்தியக் குறிமுறையான இஸ்கியின் 1988ஆம் ஆண்டு வடிவைத் தழுவித் தமிழுக்கும் யூனிகோடு இடம் வகுத்தமையின் விளைவு இது.

இவ்வேறுபாடு வெறும் கணக்கன்று. கெய்ரோவோடு இணைந்து எழுத்தைக் கோத்துத் தரும் பாங்கோ என்னும் நிரலகம், ஒரு சொல்லின் பகுதிக்கு வண்ணமூட்ட வேண்டின் தொடக்க, முடிவு இடங்களைப் பைட்டுக் கணக்கில் கேட்கும். 'பாலக்காடு' என்பதில் 'கா' என்னும் எழுத்தினை மட்டும் சிவப்பாக்க எண்ணும் பைத்தான் நிரலாளர், சுழியிலிருந்து எண்ணி 5 முதல் 7 வரை என்பார். பாங்கோ எதிர்பார்ப்பது 15 முதல் 21 வரை. தானியங்கிப் பிணைப்பிற்கு இரண்டும் வெறும் எண்களே. அது மாற்றாது கடத்திவிடும். பாங்கோவின் கணக்கில் 5 என்பது முதலெழுத்தின் கால்குறிக்குரிய இறுதிப் பைட்டு. 7 என்பது லகரத்தின் நடு. ஆங்கிலத்தில் எழுத்தும் குறியெண்ணும் பைட்டும் ஒன்றேயாதலின் இப்பிழை அங்குத் தோன்றவே தோன்றாது. ஆங்கிலச் சொற்களைக் கொண்டே சோதிக்கப்பெறும் பிணைப்பு எத்தனை ஆண்டுகள் ஓடினும் பழுதற்றதாகவே கருதப்படும்.

வடிவத்தைப் பொறுத்த சிக்கல் கண்ணுக்கு உடனே புலப்படுவது. எகர, ஏகார, ஐகாரக் குறிகள் ஒலிப்பு முறையில் மெய்க்குப் பின்னர்ச் சேமிக்கப்பட்டு, வடிவில் மெய்க்கு முன்னர் வருவன. இவ்விடமாற்றத்தைச் செய்வது எழுத்துக்கோப்பு நிரலகத்தின் பணி. லினக்சில் ஹார்ஃப்பஸ் என்பது அதனைச் செய்கின்றது. கெய்ரோவில் எளிய எழுத்தாணை ஒன்றும் உண்டு. அதனை உருவாக்கியவர்களே 'விளையாட்டு முறை' எனப் பெயரிட்டு, முறையான பயன்பாட்டிற்கு அன்று எனக் குறித்துள்ளனர். குறியெண்ணுக்கு ஒரு வடிவம் என நேரே இட்டுச் செல்வதற்கு மேல் அது எதுவும் செய்வதில்லை. பள்ளியின் ஆமை வரைகலைக்கு அடித்தளமான டிகே நிரலகமும், அதன் 8.6 பதிப்பில், லினக்ஸ் இயங்குதளத்தில் அத்தகைய முறையிலேயே எழுத்தை இடுகின்றது.

மூணாற்றில் தமிழ் வழியில் பயிலும் ஒரு மாணவி சதுரத்தை வரைந்து முடித்து, அதனுள் 'கேரளம்' என்று எழுதுமாறு ஆமையைப் பணிக்கிறாள் எனக் கொள்வோம். ஏகாரக்குறி ககரத்திற்கு முன் செல்லாமல் பின்னே நின்றுவிடுகின்றது. அதற்கடுத்து ரகரம். திரையில் காண்பவர் 'கரேளம்' என்றே படிப்பர். 'பெயர்' என்பது 'பயெர்' ஆகும். அவள் எழுதிய நிரலில் தவறில்லை. பாடநூலின் தமிழிலும் தவறில்லை. அடுத்த இருக்கையில் ஆங்கிலத்தில் எழுதியவரின் சொல் ஒழுங்காகத் தோன்றும்போது, தமிழ் இக்கருவிக்கு ஒவ்வாது என்னும் முடிவிற்கு அவள் வருவாளாயின் அவளைக் குறைகூற இயலாது. இதனைப் பாடநூல் மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு முயன்றாலும் சீர்செய்ய முடியாது. பிணைப்பினை வகுத்தவர், எழுத்து வரும் இடத்தில் ஆணையை எவ்வழியே அனுப்புவது என்று எடுத்த முடிவினைப் பொறுத்தது இது.

மலையாளத்திற்கும் இச்சிக்கல் உண்டு. கூட்டெழுத்துகளால் அங்கு இன்னும் கடுமை மிகுதி. 2002இல் தொடங்கிய சுதந்திர மலையாளக் கணிமை என்னும் தன்னார்வ அமைப்பினர் பாங்கோவிலும் ஹார்ஃப்பஸ்ஸிலும் மலையாள எழுத்துக்கோப்பு செம்மையுற உழைத்துள்ளனர். ஒரே கணினி அறையில் இரு மொழி மாணவரும் அமரும் எல்லைப் பள்ளிகளுக்கு அவர்தம் உழைப்பின் பயன் தமிழின் வழியாகவும் சேரும். ஏனெனில் இடமாற்றத்தைக் கையாளும் நிரலகம் இரண்டிற்கும் ஒன்றே. ஆமை வரைகலை அந்நிரலகத்தை எட்டாத வழியில் அமைந்திருப்பதுதான் குறை.

4. ஆணைப் பெயர்களைத் தமிழாக்கலாமா?

பிணைப்பினை மொழிபெயர்ப்பு என்றவுடன் எழும் கேள்வி இது. பைத்தானின் மூன்றாம் பதிப்பு தமிழ்ப் பெயர்களை ஏற்கின்றது. 'முன்செல்' என ஒரு பெயரிட்டு அதனை ஆங்கில ஆணையோடு இணைப்பது ஒரு வரி வேலை. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் நிரல்மொழி இதனினும் ஒரு படி மேற்சென்றது. அதில் நிபந்தனை முன்னும் 'ஆனால்' என்னும் சொல் பின்னும் வரும். வினை இறுதியில் வரும் தமிழ்த் தொடரமைப்பிற்கு அஃது இசைவானது. சொற்களை மட்டும் மாற்றாமல் தொடரையும் மாற்றிய முயற்சி என்ற அளவில் மொழியியலார் அதனைக் கருத்தில் கொள்ளுதல் தகும்.

ஆயினும் ஒரு சிறு தடையைக் குறிப்பிடலாம். எழிலில் ஒரு நிபந்தனை நிறைவேறும் அளவும் திரும்பச் செய்யும் கட்டளைக்கு 'வரை' என்பது குறிச்சொல். வரைகலை நிரலகத்திற்குத் தமிழ்ப் பெயர் சூட்டுவோர்க்கு முதலில் தோன்றும் வினையும் 'வரை' என்பதே. எல்லைப்பொருள் உணர்த்தும் இடைச்சொல்லும், கோடிடுதலைக் குறிக்கும் வினைச்சொல்லும் ஒரே வடிவின. மாந்தர் பேச்சில் இடம் நோக்கிப் பொருள் விளங்கும்; குறிச்சொல்லை நிரல்மொழி பிறிதொரு பெயராக வழங்க இடந்தராது. 'தீட்டு', 'கோடிடு' என வேறு சொல்லை நாடியே ஆக வேண்டும்.

எல்லைப் பகுதிக்குரிய சிக்கல் வேறொன்றும் உண்டு. தமிழ்நாட்டுக் கணினியியல் பாடநூல்களில் 'சரம்' என்பது எழுத்துக்கோவையைக் குறிக்கும். கேரளக் கணிதப் பாடத்தில் 'சரம்' என்றே ஒலிக்கும் மலையாளச் சொல், இயங்குவது என்னும் வடமொழி வேரிலிருந்து வந்து, தமிழில் 'மாறி' என வழங்குவதைக் குறிக்கும். கொழிஞ்சாம்பாறை ஆசிரியர் மலையாளத்தில் பயிற்சி பெற்றுத் தமிழில் கற்பிப்பவராயின், 'சரத்தில் ஓர் எண்ணை இடு' என்று கூறுவது எளிதில் நிகழக்கூடியதே. நிரலாக்கத்தில் எண்ணும் எழுத்துக்கோவையும் வேறு வேறு வகைகள்; அங்கு இம்மயக்கம் சொல்லளவில் நில்லாது. இப்பகுதிக்கென நூல் ஆக்குவோர் தமிழ்நாட்டுக் கலைச்சொல்லை அவ்வாறே எடுத்தாளும்போது, முதல் வருகையிலேயே மலையாள வழக்கினின்று அதனை வேறுபடுத்திக் காட்டுதல் நலம்.

என் கருத்தில், உயர்நிலை வகுப்புகளில் ஆணைப் பெயர்களை மூலத்தில் உள்ளவாறே விட்டுவிடலாம். மலையாள வழி மாணவரும் தமிழ் வழி மாணவரும் ஒரே செய்முறைத் தேர்வினை எழுதுகின்றனர். பிணைப்புகளிடையே ஒருமை வேண்டும் என்னும் கெய்ரோ வழிகாட்டியின் நெறி இங்கும் பொருந்தும். தமிழ் வேண்டுவது விளக்கவுரையிலும் பிழைச் செய்தியிலும். மாணவர் தனித்து நின்று படிக்க வேண்டிய தொடர் பிழைச் செய்தியே. அதுவோ எக்காலமும் ஆங்கிலத்தில் உள்ளது. தொடக்க வகுப்புகளுக்குத் தமிழ்ப் பெயர்கள் ஒரு மெல்லிய மேலடுக்காக அமைவதில் தடையில்லை; ஒரு தமிழ்ப் பெயர்க்கு ஒரே மூல ஆணை என்னும் வரையறை மட்டும் காக்கப்படுதல் வேண்டும்.

5. சோதனைச் சொற்கள்

பிணைப்பு எழுதுவோர்க்கு மொழியியலார் செய்யக்கூடிய உடனடி உதவி, சோதனைக்குரிய சொற்பட்டியலைத் தருவது. மேற்கூறிய 'கேரளம்', 'பெயர்' ஆகிய இரண்டும் இடமாற்றத்தைச் சோதிக்கப் போதுமானவை. எண்ணிக்கையைச் சோதிக்க 'கொழிஞ்சாம்பாறை' என்னும் ஊர்ப்பெயர் பொருத்தமானது. அதன் முதலெழுத்தாகிய 'கொ'வில் உள்ள ஒகரக்குறியை ஒரே குறியெண்ணாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியெண்களாகவும் சேமிக்கலாம். யூனிகோடு இரண்டையும் நிகரானவை என்கிறது. திரையிலும் வேறுபாடு தெரியாது. தமிழாசிரியர்க்கு அப்பெயர் எவ்வாறாயினும் 7 எழுத்துகள். முதல் முறையில் 14 குறியெண்கள், 42 பைட்டுகள். இரண்டாம் முறையில் 15 குறியெண்கள், 45 பைட்டுகள். பைத்தான், ஆணைப் பெயராகவோ மாறிப் பெயராகவோ வரும்போது இரண்டையும் ஒருமைப்படுத்தி ஒன்றாகவே கொள்ளும். மேற்கோள் குறிக்குள் எழுத்துக்கோவையாக வரும்போது வேறு வேறு சொற்களாகவே கொள்ளும். ஊர்ப்பெயர்களைக் கொண்டு பாலக்காட்டின் வரைபடம் ஒன்றைத் தீட்டும் நிரலில், ஒருவர் தட்டெழுதிய கொழிஞ்சாம்பாறையும் மற்றொருவர் தட்டெழுதிய கொழிஞ்சாம்பாறையும் இரண்டு ஊர்களாக நிற்கும். எழுத்துக்கோவையைச் சி நிரலகத்திற்குக் கடத்தும் வாயிலிலேயே ஒருமைப்படுத்திவிடின், அங்குச் சேரும் பெயர் எப்போதும் 42 பைட்டுகளாகவே இருக்கும்.